வரும் வைத்தியரும் நிற்கும் வைத்தியமும்

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். இலண்டனிலும் தொறன்ரோவிலும் மெல்பணிலும் வைத்தியராகவும் தாதியராகவும் மருந்தாளராகவும் விளங்குவோர் அவருட் சிலர். விழா ஆண்டினை முன்னிட்டு இரண்டு கிழமை விடுமுறையில் வந்து, ஊவாத் தோட்டங்களில் இலவச வைத்திய முகாம்கள் நடத்த விரும்புவதாகவும், பிறநாட்டு நண்பர் சிலரும் தம்முடன் வரக்கூடும் என்றும் அவர்கள் சங்கத்துக்கு எழுதியுள்ளனர். அக்கடிதம் கூட்டத்தில் வாசிக்கப்பட்டபோது மண்டபம் நிறையக் கைதட்டல் எழுந்தது. யானும் கைதட்டினேன். வீடு திரும்பும் வழியில் எழுந்த எண்ணங்களைச் சிலரிடம் சொன்னேன். அவற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். வாழ்த்துரைகள் மலிந்த ஒரு மலரில் சற்றே வேறுபட்ட குரலுக்கும் இடந்தந்த அவர்தம் பெருந்தன்மைக்கு நன்றியுடையேன்.

அவர்கள் வரவேண்டாம் என்று சொல்ல யான் இதனை எழுதவில்லை. பிறந்த மண்ணை மறவாதோர் வருகிறோம் என்றால் வாயிலில் நின்று வரவேற்பதே முறை. எவ்வாறு வருவது, எதை விட்டுச் செல்வது என்பனவே என் வினாக்கள். தமிழாசிரியனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்பீராயின், விடை எளிது. கடந்த சில ஆண்டுகளில் பசறை, மடூல்சீமை, ஹாலிஎல, பூணாகலைப் பக்கத்துத் தோட்டங்களில் நடந்த முகாம்கள் சிலவற்றில் யான் மொழிபெயர்ப்பாளனாக அமர்ந்திருந்திருக்கின்றேன். வைத்தியருக்கும் நோயாளருக்கும் இடையே போடப்பட்ட ஒரு மர நாற்காலியில் இருந்து பார்த்தால், மற்றோர் காணாத சில காட்சிகள் தெரியும்.

முதலாவது, நோவுக்குத் தமிழில் ஒரு சொல் அன்று, ஒரு பெருங்கூட்டமே உண்டு. தோட்டத்து மக்கள் அவற்றைக் கலந்து வழங்குவதில்லை. முழங்காலில் இருப்பது குடைச்சல். விலாவில் இருப்பது குத்தல். நாள் முழுதும் மலையேறி இறங்கியவள் கெண்டைக்காலில் இருப்பது உளைச்சல். புண்ணில் இருப்பது காந்தல். புரையோடிய கட்டியில் இருப்பது தெறிப்பு. நெஞ்சில் இருப்பது கரிப்பாகவும் இருக்கலாம், அடைப்பாகவும் இருக்கலாம். கடுப்பு என்ற ஒரு சொல் காலோடு சேர்ந்தால் ஒரு பொருள், வயிற்றோடு சேர்ந்தால் இன்னொரு பொருள், நீரோடு சேர்ந்தால் மூன்றாவது பொருள். இளைப்பு என்று ஒருவர் சொன்னால் அவர் மூச்சு வாங்குகிறார் என்பதா, உடல் மெலிந்தார் என்பதா, களைத்துப் போனார் என்பதா என்பதை அவர் முகத்தைப் பார்த்து மேலும் இரண்டு கேள்வி கேட்டே துணிய வேண்டும். இவற்றை எல்லாம் கேட்டு முடித்து, வைத்தியரின் பக்கம் திரும்பும் மொழிபெயர்ப்பாளன் பெரும்பாலும் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லையே கூறுகிறான். வைத்தியரும் ஒரே வகை மாத்திரையை எழுதுகிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று வரிசை நகர வேண்டியிருக்கும்போது வேறு என்ன செய்வது? குடைச்சலும் குத்தலும் உளைச்சலும் ஒரே வெள்ளை மாத்திரையில் அடங்கிவிடுகின்றன. இலக்கணம் கற்பிப்பவன் சொற்பொருள் வேறுபாட்டை நினைத்து வருந்துவது அவன் தொழிற்குணம் என்று நகைப்போர் நகைக்கலாம். ஆனால் நெஞ்சுக் கரிப்புக்கும் நெஞ்சடைப்புக்கும் உள்ள வேறுபாடு இலக்கண வேறுபாடு மட்டும் அன்று.

பெண்கள் பகுதியோ இதனினும் நுண்ணியது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி, ஆணாகிய ஓர் ஆசிரியன் முன்னிலையில், தன் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும் ஒருவன் முன்னிலையில், தன் உடம்பைப் பற்றி என்ன சொல்வாள்? "இடுப்பு வலி, சேர்" என்பாள். அவ்வளவுதான். நான்கு மாதமாகத் தூரம் நில்லாதிருப்பதையோ, பிள்ளைப்பேற்றின் பின் இறங்கிய கருப்பையோடு கூடை சுமப்பதையோ அவள் சொல்ல மாட்டாள். ஒரு முகாமில் இதனை உணர்ந்து, எம் பாடசாலை ஆசிரியை ஒருவரை அழைத்து வந்து திரைக்குப் பின் அமர்த்தினோம். அன்று பிற்பகலில் இடுப்பு வலிக்காரர் தொகை பாதியாகக் குறைந்து, வேறு நோய்களின் தொகை இரட்டித்தது. நோய்கள் புதிதாக வந்தன அல்ல. அவற்றுக்குச் செவி புதிதாக வந்தது.

மொழிக்கு அடுத்தது, முகாமுக்குப் பின்வரும் காலம். பெயர் கூற விரும்பாத ஒரு குழுவினர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இரண்டு நாள் முகாம் நடத்தினர். நல்லவர்கள், இளைஞர், சொந்தச் செலவில் வந்தவர்கள், இரவு பகல் பாராது உழைத்தார்கள். அறுபது கடந்த ஒரு மூதாட்டிக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதைக் கண்டறிந்து, இரண்டு கிழமைக்கு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த மாதம் அந்த அம்மாயி வெறும் மாத்திரைத் தாளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பாடசாலை வாயிலில் வந்து நின்றார். "அந்தப் புள்ளைங்க எப்ப வருவாங்க, சேர்?" என்று கேட்டார். தோட்டத்து மருந்துச் சாலைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். தாளில் அச்சிட்டிருந்த வணிகப் பெயர் இந்நாட்டில் வழங்காதது. எவ்வளவு அழுத்தம் இருந்தது, எதற்காக இந்த மருந்தைத் தெரிந்தார்கள் என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் இல்லை. அழுத்தத்துக்கான மருந்துகளுள் திடீரென நிறுத்தினால் தீங்கு செய்வனவும் உள என்று வைத்தியம் அறிந்தோர் கூறுவர். அவரிடம் பதுளைப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி ஒன்று இருந்தது. வந்தவர்கள் அதனைக் கேட்கவும் இல்லை. அம்மாயி காட்டவும் இல்லை. வெளிநாட்டு டாக்டர் வந்திருக்கும்போது பழைய கொப்பி எதற்கு என்று அவர் நினைத்தாராம்.

இந்தக் கடைசி வார்த்தையை வருவோர் மனத்திற் கொள்ள வேண்டும். ஆண்டு முழுதும் இங்கே இருக்கும் தோட்ட வைத்திய உதவியாளரையும், குடும்பநல மாதையும், பெரியாஸ்பத்திரி வரிசையையும் விட, இரண்டு நாள் இருக்கும் அந்நியரே மேல் என்ற எண்ணத்தை முகாம் தன்னை அறியாமலே விதைத்துச் செல்கிறது. முகாம் முடிந்தபின் அவ்வெண்ணம் மட்டும் தங்கிவிடுகிறது.

முகாமினாற் பயனே இல்லை என்பார் கூற்றும் மிகையே. கண்ணாடி கொடுத்தல், பல் பிடுங்குதல், சலரோகம் உண்டா என்று இரத்தம் பார்த்தல் ஆகியன ஒரு நாளில் முடிவன. அவற்றை ஒரு நாள் வருவோர் செம்மையாகச் செய்யலாம். பேரிடர்க் காலமும் வேறு. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நம் மாவட்டத்தைச் சிதைத்து, மலைகள் சரிந்து, பாலங்கள் உடைந்து கிடந்தபோது, இந்திய இராணுவத்தினர் மகியங்கனையில் கள மருத்துவமனை அமைத்தனர். அந்நேரத்தில் எவரும் எம்மொழி பேசுவீர் என்று கேட்டிரார். உடைந்த எலும்பைக் கட்டுவதற்கு வந்த கை எதுவாயினும் அது தெய்வத்தின் கை. ஆனால் அதே இடரில் வீட்டையும் பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுத்தவர்களின் துயரை ஆற்றுதல், எலும்பு கட்டுவது போன்றதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டபோது எஞ்சியவர்களை அறிந்தோருக்கு இது விளங்கும். அத்தகையோர் அருகில் அமர்ந்து, அவர்கள் மொழியில், மாதக்கணக்கிற் கேட்டுக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும்.

மதுரையில் 1976ஆம் ஆண்டு வைத்தியர் கோவிந்தப்ப வேங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் ஊர்தோறும் முகாம் நடத்துவதே. எனினும் அங்கே முகாம் ஒரு வாயில் மட்டுமே. ஊரிற் கண்ணைப் பார்த்து, சத்திரசிகிச்சை வேண்டியவரை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, அங்கே செய்து, மீண்டும் ஊரிற் கொண்டுவந்து விடுகின்றனர். வாயிலுக்குப் பின்னால் வீடு இருக்கிறது. நாம் கண்ட முகாம்கள் பலவற்றில் வாயில் இருந்தது. உள்ளே நுழைந்தால் வெளி.

இவ்விடத்தில், கடல் கடந்து வந்து நம்மவரிடையே வைத்தியம் செய்த ஒருவரின் வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஊவாவுக்கு அவர் வந்தாரல்லர். அவர் பணி யாழ்ப்பாணத்து மானிப்பாயில். ஆயினும் தொண்டு செய்யக் கப்பலேறி வருபவர் எதைச் செய்தால் அது அவருக்குப் பின்னும் நிற்கும் என்ற வினாவுக்குத் தமிழர் வரலாற்றில் அவரினும் தெளிந்த விடை எனக்குத் தெரியவில்லை.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சூசெற்சு நாட்டு வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நம் ஆறுமுக நாவலர் பிறந்த ஆண்டும் அதுவே. கிறீன் 1847இல் அமெரிக்க மிசன் வைத்தியராக இலங்கை சேர்ந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயில் மாணாக்கர் சிலரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். அதே 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவர் சமயத்தை மற்றவர் ஏற்றவரல்லர். கிறீனின் நோக்கம் மருந்தோடு தம் சமயத்தையும் பரப்புவதே. அதனை அவரும் மறைத்ததில்லை, இந்துக் கல்லூரி மலரில் எழுதும் யானும் மறைக்க வேண்டியதில்லை. நாவலர் எதிர்த்ததும் அந்நோக்கத்தையே. ஆனால் கற்பிப்பவர் கற்பவரின் மொழிக்கு இறங்கி வரவேண்டும் என்ற ஒன்றில் அவ்விருவரும் வேறுபட்டாரில்லை.

முதலிற் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றுத் தேர்ந்தவர் திறமையானவராக இருந்தனர். ஆனால் ஆங்கிலம் கற்ற வைத்தியருக்கு அரசாங்க உத்தியோகமும் வெளியூர்ச் சம்பளமும் காத்திருந்தன. கிராமத்தில் நிற்க ஆள் இல்லை. இது நாம் இன்று காணும் காட்சியே அன்றோ? ஊரிலுள்ளோருக்கு வைத்தியம் வேண்டுமாயின் ஊர்மொழியில் வைத்தியரை உருவாக்க வேண்டும் என்று அவர் துணிந்தார். 1857இல் அமெரிக்கா சென்று 1862இல் மீண்டவர், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கலானார். கொழும்பில் வைத்தியக் கல்லூரி 1870இல் தோன்றுவதற்கு ஆறாண்டு முன்னர், மேலைத்தேய வைத்தியம் முழுவதையும் தமிழிற் கற்பிக்கும் வகுப்பொன்று மானிப்பாயில் நடந்தது என்பதை நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்? அவரிடம் கற்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவருள் முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழிற் கற்றவர். உடையிலும் உணவிலும் நடையிலும் அவர்கள் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கொள்கை. கோட்டும் தொப்பியும் அணிந்தால் குடியானவன் வீட்டுத் திண்ணையில் எப்படி இருப்பது என்று அவர் எண்ணியிருக்கலாம்.

கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். தம் மாணாக்கரின் துணையோடு அவர் தமிழாக்கி வெளியிட்ட நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டன. கற்றரின் நூல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் ஆயிற்று. மோன்செலின் நூல் பிரசவ வைத்தியம்; துரூவிற்றின் நூல் இரண வைத்தியம்; கிரேயின் நூல் மனுஷ அங்காதிபாதம்; ஊப்பரின் நூல் வைத்தியாகரம். பாதாதிகேசமும் கேசாதிபாதமும் படித்தறிந்த தமிழ்ப் புலவன் ஒருவனுக்கு அங்காதிபாதம் என்ற சொல் எவ்வளவு இனிமையாகக் காதில் விழுகிறது! தலைவியின் அழகை அடிமுதல் முடிவரை பாடிய மரபை எலும்பும் நரம்பும் எண்ணும் நூலுக்கு ஏற்றிவைத்த துணிவை என்னென்பது? இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டதை மட்டும் என்னால் இன்றளவும் முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை. அது கிடக்க.

நமக்கு வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. 1873இல் உடல் நலிந்து அவர் தாய்நாடு மீண்டார். பணி அத்தோடு முடியவில்லை. வூஸ்ரரில் இருந்தபடியே தமிழ் ஏடுகளைத் திருத்தினார். கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும், இந்து பதார்த்த சாரம் 1884இலும் வெளிவந்தன. அந்த 1884ஆம் ஆண்டே அவர் மறைந்தார். மின்னஞ்சலும் விமானமும் இல்லாத காலத்தில், கடிதம் போய்ச் சேர மாதங்கள் ஆகும் காலத்தில், பதினோராண்டு ஒருவர் அப்பாலிருந்து இப்பாலுக்கு உழைத்தார். ஊர் திரும்பியபின் புகைப்படம் மட்டும் அனுப்பும் நண்பர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குப் பின் தமிழில் வைத்தியம் கற்பித்தல் நெடுங்காலம் நிலைக்கவில்லை என்பது உண்மை. அது அவர் குறையன்று. அவர் பெயரால் மானிப்பாயில் நிற்கும் வைத்தியசாலை இன்றும் உண்டு.

மலைநாட்டுக்கு வருவோம். நம் முன்னோர் கோப்பிக்காலத்தில் வடக்கு வழியாக நடந்து வந்து, வழியிலேயே பேதியாலும் அம்மையாலும் மாண்டவர் போக எஞ்சியவரே தோட்டம் சேர்ந்தனர். 1872இல் வைத்தியத் தேவைகள் சட்டம் பிறந்தது. வைத்தியப் பகுதிகள் வகுக்கப்பட்டு, செலவுக்குத் தோட்டங்களிடம் வரி பெறப்பட்டது. ஆயினும் கொக்கிப்புழு நோய் தோட்டங்களை விட்டகலவில்லை. வெறுங்காலோடு மண்ணில் நடப்போரின் தோல்வழியே புகுந்து, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. வெளிறிய முகத்தோடு வேலைக்கு வராதவனைச் சோம்பேறி என்று ஏசிய கங்காணிகளுக்கு அவன் வயிற்றிலிருந்த புழு தெரியாது.

1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றத்தார் மாத்தளைத் தோட்டங்களில் இந்நோயை ஒழிக்கும் பெருமுயற்சியைத் தொடங்கினர். தைமோல் முதலிய மருந்துகளை லயம் லயமாகக் கொடுத்தனர். நோயாளர் குணமடைந்தனர், சில மாதங்களில் மீண்டும் நோயுற்றனர். ஏன்? லயங்களுக்கு மலகூடம் இல்லை, மண் மாறவில்லை, கால் வெறுங்காலாகவே இருந்தது. மருந்து கொடுக்கப் பணம் இருந்தது. மலகூடம் கட்டத் தோட்டத்துரைமார் பலருக்கு மனம் இல்லை. மருந்து மட்டும் போதாது என்பதை வந்தவர்கள் உணர்ந்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமையே. அந்த அநுபவத்திலிருந்து பிறந்தது, 1926இல் களுத்துறையில் அரசாங்கத்தோடு சேர்ந்து அமைத்த சுகாதாரப் பகுதி. ஒரு வைத்திய அதிகாரி, பரிசோதகர், தாதியர், மருத்துவமாதர் ஆகியோர் ஓர் எல்லைக்குள் நிரந்தரமாக இருந்து நோய் வராமற் காப்பது என்ற அம்முறையே பின்பு நாடெங்கும் பரவிற்று. தோட்டங்களில் தொடங்கிய பாடத்தின் பயன் தோட்டங்களுக்குத்தான் கடைசியாக வந்து சேர்ந்தது என்பதைக் கசப்போடு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் 1820இல் வைத்தியத் தொண்டு தொடங்கிய ஜோன் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடரும் இங்கே நினைக்கத்தக்கவர். வேலூரில் தாமே நோயாளரைப் பார்த்துக்கொண்டு காலங்கழித்திருக்கலாம். அவர் 1918இல் பெண்களுக்கென ஒரு வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளி இன்று என்னவாக வளர்ந்திருக்கிறது என்பதை வேலூருக்குப் போய்வந்த நம் ஊர்க்காரர் எவரும் சொல்வர்.

இனி இன்றைய நிலை. 2022இல் நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்தபோது மருந்துத் தட்டுப்பாடு தலைவிரித்தாடியது. வைத்தியரும் தாதியரும் கூட்டங்கூட்டமாக வெளிநாடு சென்றனர். அவர்களைக் குறைகூற யான் யார்? பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். ஆனால் காட்சியை மட்டும் சற்றுப் பாருங்கள். இங்கே பயின்றவர் ஆண்டு முழுதும் வேலை செய்ய அங்கே போகின்றனர். அங்கே இருப்பவர் இரண்டு கிழமை வேலை செய்ய இங்கே வருகின்றனர். இக்கணக்கைப் போட்டுப் பார்க்கக் கணித ஆசிரியர் வேண்டியதில்லை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மீண்டும் போயின. தோட்ட ஆஸ்பத்திரிகளுட் சிலவற்றை அரசாங்கம் ஏற்றது, பல ஏற்கப்படாமலே கிடக்கின்றன. கதவு பூட்டிய மருந்துச் சாலைகளும், பிள்ளைக்காம்பராவாக மாறிய பிரசவ அறைகளும் நம் கண்முன்னே உள்ளன. இரவில் வலியெடுத்த கர்ப்பிணியை லொறியில் ஏற்றிப் பதுளைக்கு இறக்கும் வழியிலேயே பிள்ளை பிறந்த கதையைக் கேளாத லயம் ஒன்று உண்டா?

ஒன்றுமே இல்லாமைக்கு ஏதாவது இருப்பது நன்று அன்றோ என்று கேட்கும் நண்பர்களை யான் அறிவேன். பட்டினி கிடப்பவனுக்கு ஒருவேளைச் சோறு நன்றே. ஆனால் ஓர் ஆண்டில் ஒரு முகாமுக்குச் செலவாகும் விமானச் சீட்டுகள், தங்குமிடம், வாகனம், மருந்து, பதாகை, விருந்து ஆகியவற்றைக் கூட்டினால், தோட்டத்துப் பிள்ளைகள் சிலரைத் தாதியராகவும் குடும்பநல மாதராகவும் ஆக்கும் செலவு அதனுள் அடங்காதா? அந்தப் பிள்ளை தகுதி பெற்று இதே மாவட்டத்தில் முப்பதாண்டு வேலை செய்வாள். குடைச்சலையும் உளைச்சலையும் அவளுக்கு எவரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பு வலி என்று சொல்பவளின் முகத்தைப் பார்த்தே மீதியை அவள் அறிந்துகொள்வாள்.

அங்கேயும் ஒரு தடை உண்டு. அதனை ஆசிரியனே நன்கறிவான். தாதியர் பயிற்சிக்கு உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவிற் சித்தியடைந்திருக்க வேண்டும். ஊவாவில் தமிழ்மொழி மூலம் உயிரியலும் இரசாயனமும் உயர்தரத்துக்குக் கற்பிக்கும் பாடசாலைகள் சிலவே. அவற்றில் ஆசிரியர் உள்ளவை அதனிலும் சில. லுணுகலையிலிருந்தோ மடூல்சீமையிலிருந்தோ வரும் மாணவி விடுதி வசதி இன்றி இடைநிற்கிறாள். அவளுடைய பெயர் பிரட்டுக்களத்தில் கூப்பிடப்படும் பெயர்களோடு சேர்ந்துவிடுகிறது. ஆகவே வைத்தியத் தொண்டு தொடங்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி அன்று, பாடசாலையின் விஞ்ஞானகூடம் என்பது என் துணிபு. இது ஆசிரியனின் தன்னலம் என்று எவரேனும் சொல்வாராயின் சொல்லட்டும்.

ஆகவே கடல் கடந்த நம் பழைய மாணவ வைத்தியர்களிடம் யான் கேட்பன இவை. நாலு தோட்டத்துக்கு ஒவ்வொரு நாள் என்று சுற்றாமல் ஒரே தோட்டத்தைத் தெரிந்து ஆண்டுதோறும் அங்கேயே வாருங்கள். இரண்டாம் ஆண்டில் உங்களைக் கண்டதும் மக்கள் பேசும் பேச்சு வேறாக இருக்கும். வேலைநாளில் முகாம் வைத்து எவரையும் அரைப்பேருக்கு ஆளாக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வரும் பிறநாட்டு நண்பர்கள் இலங்கை மருத்துவச் சபையில் தற்காலிகப் பதிவு பெற்றே நோயாளரைத் தொட வேண்டும். ஏழைக்கு வைத்தியம் செய்யச் சட்டம் வேண்டியதில்லை என்ற எண்ணம் ஏழையை மதிப்பதாகாது. அவர்களுள் மாணவராக உள்ளோர், தம் நாட்டில் செய்ய அனுமதியில்லாத எதனையும் நம் தோட்டத்துப் பெண் மேல் செய்து பழகலாகாது. கொடுக்கும் மருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரியிற் கிடைக்கும் மருந்தாக இருக்கட்டும். கொடுத்ததை நோயாளியின் கிளினிக் கொப்பியிலேயே எழுதுங்கள். தோட்ட வைத்திய உதவியாளரையும் குடும்பநல மாதையும் மேசையின் ஓரத்தில் நிறுத்தாமல் உங்கள் பக்கத்தில் இருத்துங்கள். மக்கள் முன்னிலையில் அவர்களை "ஐயா", "அம்மா" என்று அழையுங்கள். நீங்கள் சென்றபின் அங்கே இருக்கப்போகிறவர்கள் அவர்களே. மாலையில் முகாம் முடிந்தபின் அவர்களோடு ஒரு மணி நேரம் அமர்ந்து, புதிதாக வந்த சிகிச்சை முறைகளைத் தமிழிற் சொல்லுங்கள். தமிழிற் சொல்ல வராது என்பீர்களாயின், கிறீனுக்கும் முதலில் வந்திராது.

மாணவருக்கும் ஒரு சொல். முகாம்களிற் கதிரை தூக்கவும் தேநீர் கொடுக்கவும் நீங்கள் முந்துகிறீர்கள், மகிழ்ச்சி. அதனினும் பெரிய வேலை ஒன்று உங்களுக்கு இருக்கிறது. உங்கள் பாட்டிமாரும் தாய்மாரும் நோவைச் சொல்லும் சொற்களை நம் கல்லூரி உயர்தர வகுப்புத் தமிழ் மாணவர் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியுள்ளனர். சொல், அது உடம்பின் எவ்விடத்தைக் குறிக்கிறது, எப்போது சொல்லப்படுகிறது, ஆங்கிலத்தில் அதற்கு எத்தனை வார்த்தை வேண்டும் என்று நான்கு நிரல்கள். பசறைப் பக்கத்தில் வழங்கும் சில அப்புத்தளைப் பக்கத்தில் வழங்கவில்லை என்பதை முதல் மாதத்திலேயே கண்டோம். பெண்கள் மட்டும் பேசும் சொற்களைத் திரட்ட மாணவியர் தனியே ஒரு கொப்பி வைத்திருக்கின்றனர். அதனை ஆசிரியையே பார்வையிடுகின்றார், யான் பார்ப்பதில்லை. இவ்விரு கொப்பிகளின் பிரதிகளும் வரும் தைப்பொங்கலுக்குள் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்பப்படும். வைத்தியராக உள்ளோர் அவற்றை வாசித்து, ஐந்தாவது நிரலொன்று சேர்த்து, ஒவ்வொரு சொல்லும் எந்த நோயை ஐயுறச் செய்கிறது என்று எழுதித் திருப்பியனுப்ப வேண்டுகிறேன். அதற்கு விடுமுறையும் வேண்டியதில்லை, விமானச் சீட்டும் வேண்டியதில்லை.